இருநூற்று நாற்பத்தைந்தாம் நாள் உடுப்பு

எந்த உடுப்புக்கும் ஒரு வாசல் வேண்டும். சட்டைக்குக் கழுத்து, பாவாடைக்கு இடுப்பு, சாறத்துக்கு மேல்வாயோ கீழ்வாயோ ஏதாவது ஒன்று. உடம்பு அந்த வாசலால் உள்ளே போக வேண்டும். போவதற்கு ஆள் கையைத் தூக்க வேண்டும், குனிய வேண்டும், அல்லது வேறொருவர் ஆளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் பத்தொன்பது வருடமாகப் பிளவுஸ் தைக்கிற றூபினி இதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. பெப்ரவரி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமைதான் யோசிக்க வேண்டி வந்தது. தூக்கக் கூடாத, புரட்டக் கூடாத, ஒரு கையை மடக்கவும் கூடாத பிள்ளைக்கு எப்படி உடுப்புப் போடுவது?

பிள்ளை அவளுடைய தம்பி பிரதாபனின் மகள். பெயர் மிதுஷா. பிறந்து எட்டு மாதம் ஆகப்போகிறது. அதில் வீட்டில் இருந்தது பதினொரு நாள்தான். இருதயமும் சுவாசப்பையும் ஒன்றையொன்று களைக்க வைக்கிற வருத்தம். மூச்சை மெஷின் விடுகிறது. மூக்கால் பால் போகிற குழாய், நெஞ்சில் மருந்து போகிற குழாய், இடது கையில் ஊசி அசையாமலிருக்கப் பலகை வைத்துச் சுற்றிய கட்டு, ஒரு காலில் சிவப்பாய் மினுங்குகிற கம்பி. அந்தக் கம்பிதான் இரத்தத்தில் எவ்வளவு ஒக்சிசன் இருக்கிறதென்று பார்த்து ஸ்கிரீனில் எழுதுவது. பிள்ளையைப் பக்கவாட்டில் சாய்த்தால் எண்பத்தெட்டு எழுபது ஆகிவிடும். ஒரு தடவை ஐம்பத்தாறு வரைக்கும் போனது. அதற்குப் பிறகு கட்டில் தலைமாட்டில், அவசியமில்லாமல் தொடவேண்டாம் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். டயப்பரைத் தவிர உடுப்பென்று ஒன்றும் இல்லை. மேலே ஒரு மெல்லிய போர்வை.

பிரதாபனின் மனைவி ரெத்னோ ஜாவாக்காரி. இருவரும் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தபோது பழகிக் கட்டிக்கொண்டவர்கள். ஆறு வருடத்தில் ரெத்னோ யாழ்ப்பாணத் தமிழை நன்றாகவே பிடித்துவிட்டாள். கோபம் வந்தால் மட்டும் தன் பாஷைக்குப் போய்விடுவாள். அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் பெற்றோர் இருக்கிற அறையில் வைத்து ஒரு துணிப் பொதியை றூபினியின் மடியில் வைத்தவள் அவள்தான்.

"மச்சாள், வாற வியாழன் இல்லை, அதுக்கு அடுத்த வியாழக்கிழமை இவளுக்கு ஏழு முப்பத்தஞ்சு. நிலத்தில கால் வைக்கிற நாள். எங்கட பற்றிக் துணி உடுத்தித்தான் வைக்கிறது. நீங்கள் தைச்சுத் தருவியளோ?"

ஏழு முப்பத்தைந்து என்பதை அவள் விரலில் எண்ணி விளங்கப்படுத்தினாள். ஜாவாவில் இரண்டு கிழமை உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த ஏழு நாள் கிழமை. மற்றது பழைய காலத்துச் சந்தைக் கிழமை. அதற்கு ஐந்து நாள்தான். ஏழு பல் சக்கரமும் ஐந்து பல் சக்கரமும் ஒன்றையொன்று பிடித்துச் சுற்றுவதாக நினைத்தால் சரி. பிள்ளை பிறந்தது வியாழனும் போன் என்கிற சந்தை நாளும் சேர்ந்த ஒரு நாளில். அந்த இரண்டு பல்லும் மறுபடி சந்திக்க முப்பத்தைந்து நாள் எடுக்கும். அப்படி ஏழு தடவை சந்தித்தால் இருநூற்று நாற்பத்தைந்து நாள். அதுவரை பிள்ளையின் கால் மண்ணில் பட விடமாட்டார்கள். அன்றைக்குப் பட்டுடுத்தி, இல்லை, பற்றிக் உடுத்தி, ஏழு நிறத்துப் பசைச்சோற்றில் கால் பதிக்க வைப்பார்கள்.

"எட்டாம் முப்பத்தஞ்சுக்கு வைக்கேலாதோ?" என்று றூபினி கேட்டுவிட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எட்டாவது முப்பத்தைந்து இருக்கும் என்று டொக்டர்மார் யாரும் சொல்லவில்லை. மாதக் கணக்கில் யோசிக்கவேண்டாம், கிழமைக் கணக்கில் யோசியுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ரெத்னோ பொதியைப் பிரித்துக் காட்டினாள். இரண்டரை மீற்றர் துணி. மரப்பட்டை நிறம், கருநீலம், இடையில் பால் வெள்ளை. நாலு முட்டை வடிவம் சேர்ந்து ஒரு பூப்போல, அதுவே துணி முழுக்க. ஓரத்தில் மட்டும் வெறும் வெள்ளைக் கரை. பனைச் சாதி மரமொன்றின் காயைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வடிவம் என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். றூபினிக்கு நுங்குதான் ஞாபகம் வந்தது. நுங்குக்கு மூன்று கண், இதற்கு நாலு. துணியைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரியே இருந்தது. மெழுகை இரண்டு பக்கமும் கையால் எழுதிச் சாயத்தில் தோய்ப்பதால், கைப் பற்றிக்குக் கெட்ட பக்கம் என்று ஒன்று இல்லை.

"வெட்டலாமோ?"

"வெட்டுங்கோ. அவளின்ரதானே."

செவ்வாய்க்கிழமை றூபினி மேல்மாடியில் தன் மேசையைத் துப்புரவாக்கி, ஐந்து கிலோ அரிசிப் பையொன்றைப் படுக்க வைத்தாள். பிள்ளையின் நிறையும் ஏறக்குறைய அதுதான். இரண்டு முகம் துடைக்கிற துவாயைச் சுருட்டிக் கையாக்கினாள், இன்னும் இரண்டைக் காலாக்கினாள். பிறகு ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் விளிம்புவரை தண்ணீர் விட்டுப் பையின் நடுவில் வைத்தாள். உடுப்புப் போடும்போது தண்ணீர் சிந்தினால் அந்த உடுப்பு சரிவராது. அவள் தனக்கு வைத்த சட்டம் அவ்வளவுதான்.

மற்ற மெஷினில் இருந்த இம்மாகுலேற் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பாசையூர்க்காரி. அறுபது வயது. கதைக்கும்போதும் கால் மெஷினை மிதித்துக்கொண்டேயிருக்கும்.

"உதென்னடி, அரிசி மூட்டைக்குச் சாறம் கட்டுறாய்?"

"சும்மா இருங்கோ இம்மா அக்கா."

"இல்லை, மாப்பிள்ளை ஆரெண்டு கேட்டனான். நல்ல வெள்ளையாய் இருக்கிறார். சம்பாவோ, பசுமதியோ?"

றூபினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது கை தட்டித் தண்ணீர் சிந்தியது.

அன்றைக்கும் புதனுக்கும் அவள் செய்து பார்த்தவை பல. பக்கவாட்டில் திறக்கிற சட்டை: உள்ளே ஒரு பாதி முதுகுக்குக் கீழே போகவேண்டும், போகாது. தோளிலும் கையிலும் வெட்டி நாடா வைத்த சட்டை: அதற்கும் முதுகு உண்டு. துணியைச் சுற்றிக் கட்டுகிற ஜாவா முறை: சுற்று என்றாலே அடியால் போவதுதானே. கடைசியில், நேர்ஸ்மார் படுக்கை விரிப்பு மாற்றுவது ஞாபகம் வந்தது. இருவர் சேர்ந்து பிள்ளையை மிக மெதுவாய் உயர்த்தும் ஒரு நிமிடம், இரண்டு நாளுக்கொரு தடவை. புதன்கிழமை அப்படி மாற்றும்போது உடுப்பை விரிப்போடு சேர்த்து அடியில் வைத்துவிட்டால்? பிறகு வியாழக்கிழமை இரண்டு பக்கமும் எடுத்து முன்னால் பூட்டிவிடலாம். கோப்பையில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. றூபினி அந்தப் பற்றிக்கிலேயே வெட்டித் தைத்த மாதிரியை இஸ்திரி போட்டு மடித்து, சனிக்கிழமை சொதியும் இடியப்பமும் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெளியே மழையும் இல்லாத வெயிலும் இல்லாத ஒரு ஈரம். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் மைல் எண்டில் பத்து நிமிடம் நின்றது.

ரெத்னோ மாதிரியை விரித்தாள். முன்பக்கத்தில் விசிறி மடிப்பு வைத்திருந்தாள் றூபினி. ஒற்றைப்படையில் ஒன்பது மடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம், ரெத்னோ போனில் அனுப்பிய படத்தில் இருந்தபடியே.

"வடிவு மச்சாள். ஆனா இந்த வெள்ளைக் கரையை ஏன் உள்ளுக்கு விட்டனியள்?"

"கரை வெளியில தெரிஞ்சா அரைகுறைத் தையல் எண்டெல்லோ சொல்லுவினம்."

"எங்கட ஊர் ஜொக்யா. நாங்கள் கரையைக் காட்டித்தான் மடிக்கிறது. உள்ளுக்கு ஒளிக்கிறது சோலோ ஆக்கள்."

"எவ்வளவு தூரம் ரெண்டு ஊருக்கும்?"

"ட்ரெயினில ஒரு மணித்தியாலம்."

"எங்கட வடமராட்சியும் தென்மராட்சியும் போல, பக்கத்தில இருந்துகொண்டு எல்லாம் வேற வேற," என்றாள் றூபினி. ரெத்னோ பல் தெரியச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாள் என்று பிரதாபன் கணக்குப் பார்ப்பது போலத் திரும்பிப் பார்த்தான். இரவு வேலை முடித்து நேரே வந்தவன், சாப்பாட்டைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தான்.

"சாப்பிடடா. சொதி ஆறுது."

"சாப்பிடுறன் அக்கா."

நேர்ஸ் வந்து மாதிரித் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நல்ல பெண், பிள்ளைக்குப் பாட்டுப் பாடுகிறவள். மடிப்பும் தையலும் ஒரு இரவு முழுக்க முதுகுக்குக் கீழே இருந்தால் தோல் புண்ணாகும், இவ்வளவு இரத்த ஓட்டம் குறைந்த பிள்ளைக்குப் புண் வந்தால் ஆறாது என்றாள். முதுகுக்குக் கீழே ஒரு சுருக்கம்கூடக் கூடாது. இன்னொன்றும் சொன்னாள். என்ன போட்டாலும் பன்னிரண்டு மணி மருந்துக்கு முன் கழற்ற வேண்டும். இடையில் ஏதாவது நடந்தால் உடனே நெஞ்சில் கை வைக்க வழி இருக்க வேண்டும். சொல்லிவிட்டு, மன்னிக்கவேண்டும் என்று றூபினியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பிரதாபன் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "விடுங்கோ அக்கா. மேல போர்வை மாதிரி அந்தத் துணியைப் போட்டுவிடுவம். ஆர் பாக்கப் போகினம்?"

"நான் பாப்பன்," என்றாள் ரெத்னோ. மாதிரியைத் திரும்ப மடித்துக்கொண்டே, "போர்வை உடுப்பில்லை. போர்வை வருத்தக்காரருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் தொடக்கம் இவள் ஒரு உடுப்பும் போடேல்லை," என்றாள்.

"சரி, கால் வைக்கிறது எப்பிடி? அவளைத் தூக்கேலாதே," என்று றூபினி கேட்டாள்.

"அவள் நிலத்துக்குப் போக ஏலாது. நிலத்தை அவளிட்டக் கொண்டு வாறன். சோத்தைத் தட்டில இறுக்கமா அமத்தி, மேல மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி, தட்டை நிமித்திப் பிடிச்சு உள்ளங்கால்ல வைக்கிறது. நேர்ஸ் ஓம் எண்டு சொல்லிட்டா. மண்தான் கூடாதாம், கிருமி."

திங்கட்கிழமை றூபினி மெஷினுக்கு முன்னால் சும்மா இருந்தாள். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் அவளுக்கு முன்னால் கிடந்தது. இம்மாகுலேற் மெஷினை நிறுத்தினாள். அவள் மெஷினை நிறுத்துவது அபூர்வம்.

"சொல்லட்டோ, கோவிக்கமாட்டாய்தானே?"

"சொல்லுங்கோ."

"முதுகில்லாமல் தை."

"எப்பிடி?"

"முன்பக்கம் மட்டும். மேல வைச்சு, ஓரத்தை ரெண்டு பக்கமும் செருகிவிடுறது. பாக்கிறவைக்கு முழு உடுப்புத்தான்." இம்மாகுலேற் கண்ணாடியைத் துடைத்தாள். "நான் சனிக்கிழமையில ஸ்ட்ரெதமில, பிரேதத்துக்கு உடுத்தி அடக்கத்துக்கு ஆயத்தப்படுத்திற இடத்துக்கு வேலைக்குப் போறனான் எல்லோ. அங்க இப்பிடித்தான். சனம் குடுத்துவிடுற கோட்டு, சீலை பிளவுஸ், எல்லாத்தையும் நடு முதுகில கத்தரியால ஒரே இழுவை. பிறகு முன்னால வைச்சுச் செருகிறது. ஆளை அசைக்கத் தேவையில்லை."

றூபினி எழும்பிவிட்டாள். கதிரை பின்னால் விழுந்தது.

"என்ர தம்பியின்ர பிள்ளை உயிரோட இருக்குது இம்மா அக்கா."

"இல்லையெண்டு நான் சொன்னனானோ?"

"பிரேதத்துக்குப் போடுறதை அதுக்குத் தைக்கச் சொல்லுறியள்!"

"வழிதான் சொன்னன். வேண்டாமெண்டா விடு."

றூபினி கதிரையை நிமிர்த்திவிட்டுக் கல்யாணப் பிளவுஸை மெஷினில் வைத்தாள். மூன்று மணிக்கு இம்மாகுலேற் போட்ட தேத்தண்ணி றூபினியின் மேசையில் ஆடை படிந்து ஆறியது. கோபம் இம்மாகுலேற்றோடு அல்ல என்று றூபினிக்குத் தெரியும். அவள் சொன்ன கணத்திலேயே கை அளவெடுக்கத் தொடங்கிவிட்டது, அதுதான் கோபம். எங்கே வெட்டுவது, தோளில் எவ்வளவு விடுவது என்றெல்லாம் மூளை தன் பாட்டில் கணக்குப் போட்டது. தையல் தெரிந்த மூளைக்கு வெட்கம் கிடையாது.

ஆனாலும் தாய்க்குச் சொல்லாமல் அப்படியொன்றைத் தைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்க முன், படிக்கட்டில் நின்றுகொண்டு ரெத்னோவுக்குப் போன் எடுத்தாள். கீழே தெருவில் மரக்கறிப் பெட்டி இறக்குகிற சத்தம். எதையும் மறைக்காமல் சொன்னாள். இது எங்கேயிருந்து வந்த யோசனை, அங்கே யாருக்கு அப்படி உடுத்துகிறார்கள், எல்லாம்.

மறுபக்கம் பிள்ளைக்கு மூச்சுவிடுகிற மெஷினின் சத்தம் கேட்டது. பிறகு ரெத்னோ கேட்டாள்:

"அது வேலை செய்யுமோ மச்சாள்?"

"செய்யும்."

"அங்க உடுத்திவிட்ட பிறகு, அந்த உடுப்பை ஆர் கழட்டுறது?"

"ஒருத்தரும் கழட்டமாட்டினம் ரெத்னோ. அப்பிடியே போறதுதான்."

"இதைப் பன்னிரண்டு மணிக்குக் கழட்ட வேணும்," என்றாள் ரெத்னோ. "கெதியாக் கழட்டுற மாதிரித் தையுங்கோ."

றூபினி படிக்கட்டிலேயே இருந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பியபோது அவளுக்குச் செய்யவேண்டிய வேலை விளங்கியிருந்தது. செத்தவரின் உடுப்பில் வெட்டிய விளிம்பு பிசிறோடு அப்படியே இருக்கும், ஓரங்கள் உடம்புக்குக் கீழே செருகி இறுகியிருக்கும். திரும்ப எடுக்கிற யோசனை அதில் இல்லை. இதில் செருகவே கூடாது. செருகாமல் ஓரம் கிடந்த இடத்தில் கிடக்கவேண்டும். எடுக்க நினைத்தால் உடனே வரவேண்டும்.

செருகாமல் ஓரத்தை எது பிடித்துவைக்கும்? பாரம். மணலோ ஈயமோ வைக்க நேர்ஸ் விடமாட்டாள். துணியையே பாரமாக்கினால்? றூபினி ஒரு துண்டின் ஓரத்தை ஒருதரம், மூன்றுதரம் என்று சுருட்டிப் பார்த்தாள். ஏழு சுருட்டில் ஓரம் மெல்லிய கயிறுபோலக் கனத்து, அரிசிப் பையின் பக்கமாய் வழிந்து மேசையில் படிந்து அசையாமல் கிடந்தது. பற்றிக்குக் கெட்ட பக்கம் இல்லாததால் எத்தனை சுருட்டினாலும் நுங்குக்கண் நுங்குக்கண்ணாகவே தெரிந்தது. சமையலறைத் தராசில் முழு உடுப்பும் எழுபத்திரண்டு கிராம் காட்டியது.

கைகளில் கட்டுகிற நாடாவை றூபினி முடிந்து பார்த்தபோது இம்மாகுலேற் பின்னால் வந்து நின்றாள்.

"நாடாவை முடிச்சுப் போடாதை. சுருக்குப் போடு. இழுத்தா வரவேணும்."

"ஓம் அக்கா," என்றாள் றூபினி. "தேத்தண்ணி இருக்கோ?"

"இருக்கு. குடிக்கிறதெண்டாப் போடுறன். ஆறவைக்கிறதெண்டாப் போடமாட்டன்."

புதன்கிழமை மத்தியானம் ரெத்னோ றூபினியின் வீட்டுக்கு வந்து சோறு அவித்தாள். பசையரிசியை ஊறவைத்து, புட்டு அவிக்கிற பானையில் ஆவியில் வைத்து, தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டு, ஏழு கிண்ணத்தில் பிரித்து நிறம் போட்டாள். கறுப்பு, சிவப்பு என்று தொடங்கி வெள்ளையில் முடிகிற வரிசை. பிள்ளை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடப்பதாம். சொல்லிக்கொண்டு வந்தவள் வெள்ளைச் சோற்றைத் தட்டில் அழுத்தும்போது நிறுத்திவிட்டாள். அகப்பையை வைத்துவிட்டு, சிங்குக்கு முன்னால் நின்று தன் பாஷையில் ஏதோ சொன்னாள். றூபினி என்னவென்று கேட்கவில்லை. அகப்பையை எடுத்துத் தானே அழுத்தி முடித்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. அறைக்குள் நாலு பேர்தான்: ரெத்னோ, பிரதாபன், றூபினி, நேர்ஸ். கண்ணாடியில் தூறல். ஸ்கிரீனில் எண்பத்தெட்டு.

ரெத்னோ போர்வையை எடுத்தாள். றூபினி முதலில் கீழ்த்துணியை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வைத்து, கனமான ஓரங்களை இரண்டு பக்கமும் விழவிட்டாள். ஒன்பது மடிப்பும் நடுவில் நேராய் நின்றன. வெள்ளைக் கரை வெளியே தெரிந்தது. பிறகு மேல்சட்டை. ஜாவாச் சட்டை முன்னால் திறப்பது. நெஞ்சுக்குழாய் அந்தத் திறப்பால் வெளியே வந்தது. நேர்ஸ் ஒவ்வொரு கையாய் ஒரு விரல் உயரம் தூக்கினாள், நாடா அடியால் போய் மேலே சுருக்காய் விழுந்தது. எண்பத்தெட்டு. எண்பத்தேழு. எண்பத்தெட்டு.

பிரதாபன் சுவர்ப்பக்கம் திரும்பினான். "பாருங்கோ," என்று ரெத்னோ அவனுடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "உங்கட மகள் உடுத்தியிருக்கிறாள். இஞ்ச பாருங்கோ." அவன் திரும்பி, பார்த்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

தட்டை அவன்தான் பிடித்தான். மற்றப் பக்கத்தை றூபினி பிடித்தாள். கம்பி இல்லாத காலை ரெத்னோ இரண்டு விரலால் எடுத்து, கறுப்பில் வைத்தாள், சிவப்பில் வைத்தாள். வெள்ளையில் வைத்தபோது பெருவிரல் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. பிள்ளை கண் திறக்கவில்லை. சோற்றில் பிளாஸ்டிக்குக்கு மேலால் ஒரு சிறு பள்ளம் விழுந்தது.

பதினொன்றே முக்காலுக்கு நேர்ஸ் மருந்துத் தட்டோடு வந்து ரெத்னோவைப் பார்த்தாள். ரெத்னோ தலையாட்டினாள். எப்படிக் கழற்றுவது என்று றூபினி ரெத்னோவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

முதுகு இல்லை. கீழே செருகியது ஒன்றும் இல்லை. ஓரங்கள் ஏழு சுருட்டு. அந்தப் பாரத்தில்தான் உடுப்பு நிற்கிறது. இரண்டு கையிலும் ஒவ்வொரு நாடா, ஒவ்வொன்றிலும் ஒரு சுருக்கு. இரண்டையும் ஒன்றாய் இழுக்கவேண்டும். பிறகு கழுத்துப் பக்கம் பிடித்து நேரே மேலே தூக்கினால் மேல்சட்டை வந்துவிடும். இடுப்பில் பிடித்துத் தூக்கினால் கீழ்த்துணியும் வந்துவிடும். பிள்ளை அசையாது. ஆறு விநாடி போதும்.